அலங்காரமாம், அலங்காரம்!

பழைய எகிப்தின் ஃபையான்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு சொற்கள் கூடவே வரும். டர்க்வாய்ஸ் கல்லின் 'மலிவான போலி' என்பது ஒன்று. சுவரில் பதித்திருந்தால் 'அலங்காரம்'. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

முதலில் போலி. ஃபையான்ஸ் என்ற பெயரே இத்தாலியின் ஃபயென்ஸா ஊரிலிருந்து வந்த இரவல். அந்த ஊர்ச் சரக்கு களிமண். எகிப்தியருடையதோ பொடித்த குவார்ட்ஸ், கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு அல்லது தாவரச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு. பிசைந்து காயவைத்தால், ஈரச் சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி உள்ளே இருக்கும் உப்பு மேலே வந்து படியும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். அவர்கள் இதற்கு வைத்த பெயருக்கு 'ஒளிர்வது' என்று பொருள். டர்க்வாய்ஸின் நிறம் அவர்களுக்குப் பிடிக்கும், வாஸ்தவம்தான். ஆனால் போலி என்று நினைத்தவன் இப்படியா பெயர் வைப்பான்?

அடுத்தது அலங்காரம். சக்காராவில், சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன், மன்னன் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடுக்குக் கீழேயும் அருகிலிருக்கும் தெற்குக் கல்லறையிலும் நீலப்பச்சை ஓடுகள் பதித்தார்கள். சுமார் 36,000 ஓடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு புடைப்பு, கயிறு கோக்க அதில் ஒரு துளை. வரிசையாகப் பதித்தபோது சுவர் நாணல் பாய் போல ஆனது. பிறகு மன்னனைப் புதைத்து மூடிவிட்டார்கள். இருட்டில், யார் பார்க்க? பார்க்க ஆளே இல்லாத இடத்தில் என்ன அலங்காரம்? நிஜப் பாய் மக்கிப்போகும், நாணல் காய்ந்து பழுப்பாகும். செத்த மன்னனின் அரண்மனையில் பச்சை வாடக்கூடாது. அந்த வேலையைத்தான் ஓடு செய்தது.

'சும்மா ரொமான்டிசைஸ் பண்ணாதீங்க' என்பீர்கள். சரி, மெதினெத் ஹாபுவுக்குப் போவோம். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ராம்சேஸ் கட்டிய அரண்மனை. அங்கேயும் ஃபையான்ஸ் ஓடுகள்தான், பல வண்ணங்களில். லிபியர், நூபியர், சிரியர் என்று கைகள் கட்டப்பட்ட கைதிகள். இங்கே பார்க்க ஆள் இருந்தது. அரண்மனைக்குள் வருகிறவனுக்குச் செய்தியும் இருந்தது.

இதையும் அலங்காரம் என்றால் மன்னனுக்கு வசதியாகப் போய்விடுகிறது. அந்தச் சிரியனின் அங்கியில் இருக்கும் வேலைப்பாட்டை ரசிக்கிறோம். கட்டிய கையைத் தாண்டிப் போய்விடுகிறோம்.