தேர்ச்சி விகிதத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் 2025 மே மாதம் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிவில் 7,92,494 பேர் தேர்வெழுதி 7,53,142 பேர் தேறியிருந்தார்கள், 95.03 விழுக்காடு. பத்தாம் வகுப்பில் 93.80. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, மாணவிகள் எவ்வளவு முந்தினார்கள் என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. நல்ல எண்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த விழுக்காடு தேர்வெழுதியவர்களைக் கொண்டு மட்டுமே கணக்கிடப்படுகிறது. பெயரைக் கொடுத்துவிட்டுத் தேர்வு நாளில் வராத பிள்ளையைக் கூட்டலிலும் காணோம், கழித்தலிலும் காணோம்.

அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தாளான மொழிப் பாடத்துக்கு 50,674 பேர் ஆப்சென்ட். பதிந்தவர்களோ எட்டரை லட்சம். மாநிலமே சற்று அதிர்ந்தது. சட்டமன்றம் வரை பேச்சு போனது. பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வராதவர்களைத் துணைத் தேர்வுக்கு அழைத்துவரும் முயற்சியும் நடந்தது. மே மாதம் முடிவு வந்தது: 94.03 விழுக்காடு. முதல் தாளுக்கு வராதவர்களையும் சேர்த்துத் தோராயமாக வகுத்துப் பார்த்தால் அந்த எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கிவிடும். அப்படி வகுத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

பள்ளியை முடிப்பதற்கான விதிகள் கடுமையானவையா என்றால், இல்லை. பாடத்துக்கு 100 மதிப்பெண், தேற 35. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். ஆய்வகத்துக்கு ஒழுங்காக வந்து, பின்னிரண்டிலும் சேர்த்து இருபது வாங்கிய மாணவர், மூன்று மணி நேரத் தாளில் 70க்கு 15 எடுத்தால் கரையேறலாம். ஒரு பாடத்தில் தவறினாலும் அதை மட்டும் துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம். மெல்லக் கற்போருக்கென்று ‘மினிமம் மெட்டீரியல்’ அடித்துக் கொடுத்து, மாலையில் சிறப்பு வகுப்பும் வைத்து, இந்த 35ஐத் தாண்டவைப்பதில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே தேர்வறைக்கு வந்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் தேறிவிடுகிறது. சிக்கல் அந்த அறையின் வாசலுக்கு முன்பே தொடங்குகிறது.

தலைமையாசிரியர் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்துக்குப் போனால் கேட்கப்படும் முதல் கேள்வி தேர்ச்சி விகிதம். தனியார் பள்ளிக்கு அதுவே அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரப் பலகை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பெற்றோரை அழைத்து ‘டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்களேன்’ என்று இதமாகச் சொல்லும் பழக்கம் ஊரறிந்த ரகசியம். அப்படி விலகிய பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகலாம், தனித்தேர்வராக எழுதலாம், மெக்கானிக் கடைக்கும் போகலாம். எங்கே போனாலும் அனுப்பிய பள்ளியின் நூறு விழுக்காட்டுக்குச் சேதமில்லை.

பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வின் கதையும் இதை ஒட்டியதுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர, 2017-18இல் அந்தத் தேர்வு வந்தது. மறு ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்து அதன் பல்லைப் பிடுங்கியது. பதினொன்றில் தோற்றாலும், தேர்வுக்கே வராவிட்டாலும், பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் பெயர் தொடர்ந்தது. 2023இல் வராமற்போனவர்களில் பலர் அப்படித் தொடர்ந்த பெயர்கள்தான். கொரோனா ஆண்டில் தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பைக் கடந்த அணி அது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. சரியான முடிவு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை இனி எப்படி நடத்தவைப்பது என்ற பழைய கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விடுபட்டவர்களையும் சேர்த்து எண்ணும் நாடும் உண்டு. அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பொதுத் தேர்வில் தேறினால்தான் சான்றிதழ் என்ற விதியை மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2024 நவம்பரில் வாக்களித்தே நீக்கினார்கள். ஆனால் எண்ணும் முறை நாடு முழுவதும் ஒன்று. 2008இல் வந்த கூட்டாட்சி விதிப்படி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அணியில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் சான்றிதழோடு வெளியேறினார்கள் என்று கணக்கிட வேண்டும். வேறு பள்ளிக்குப் போனவரை அணியிலிருந்து கழிக்க ஆவணம் காட்ட வேண்டும். 2021-22இல் இப்படிக் கிடைத்த தேசிய அளவு 87 விழுக்காடு. நம் 95ஐவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் அது வேறொன்றை அளக்கிறது.

அவர்களும் சும்மா அந்த விதிக்கு வரவில்லை. டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி, நூற்றுக்கணக்கானோர் வெளியேறிய ஓர் ஆண்டில் இடைநின்றவர் ஒருவரும் இல்லை என்று கணக்கு காட்டியது. 2003இல் அது அம்பலமானது. முன்பு அந்த நகரின் பள்ளிகளை நடத்தி, அவற்றைச் சாதனை என்று காட்டிய ராட் பைஜ் அப்போது நாட்டின் கல்வி அமைச்சராகவே இருந்தார்.

தமிழ்நாட்டில் அணி அணியாக எண்ணுவதற்குப் புதிதாக ஒரு கருவியும் தேவையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தொகுப்பான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் அந்த எண் கூடவே போகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தவர்களைத் தனியே குறிக்கலாம். வெளிமாநிலம் போனவர்களைச் சான்றோடு கழிக்கலாம். மிச்சமிருப்பவர்கள்தான் தேட வேண்டியவர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் மேற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கே கிடைப்பதால், இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதவும் அடைபடுகிறது.

அடுத்த மே மாதம் முடிவு வெளியாகும்போது, தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் இருக்கட்டும்: நான்கு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் இப்போது சான்றிதழ் பெறுவோர் எத்தனை பேர், மாவட்ட வாரியாகவும் பள்ளி வாரியாகவும். ஒன்பதாம் வகுப்பில் டிசி கொடுத்து அனுப்பிய பள்ளியின் பெயருக்கு நேரேயும் அந்த எண் வர வேண்டும்.