இன்னும் வலுக்கூடிய விளையாட்டுப் பெட்டி: தீர்ப்புக்கு முன் ஒரு விசாரணை

ஒஸ்லோவில் வாழும் எமது குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கு அடிக்கடி விசாரணைக்கு வருகிறது. வழக்காளி பன்னிரண்டு அல்லது பதினைந்து வயதுப் பிள்ளை. எதிராளி தந்தை. நீதிபதியின் இடத்தில் தாய். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிளேஸ்ரேசன் 5 இருக்கிறது. அது பழுதடையவுமில்லை. ஆயினும் அதைவிட வலுக்கூடிய 'புரோ' மாதிரி வந்துவிட்டது, அதை வாங்கித் தரவேண்டும் என்பதே பிள்ளையின் மனு.

தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே அமைகிறது. "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்ற ஒரே கேள்வியோடு மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. அல்லது, "நாங்கள்தான் ஒன்றையும் காணாமல் வளர்ந்தோம், பிள்ளையாவது அனுபவிக்கட்டும்" என்று பெட்டி வாங்கப்படுகிறது. இரண்டு தீர்ப்புகளும் விசாரணையின்றியே வழங்கப்படுகின்றன என்பதுதான் எமது முறைப்பாடு.

ஒரு விளையாட்டுச் சாமானுக்காக ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். பல ஆயிரம் குரோனர் வெளியேறும் எந்த விடயமும் உழைத்து வாழும் குடும்பத்திற்குச் சிறிய விடயமன்று. அதற்கும் மேலாக, பிள்ளை ஒரு பெரிய செலவுக்காகப் பெற்றோரிடம் முதன்முதலாகக் காரணம் சொல்லிக் கதைக்கும் சந்தர்ப்பமும் இதுவே. இதை நாம் எவ்வாறு செவிமடுக்கிறோம் என்பதில், நாளை கல்வி பற்றியும் நட்பு பற்றியும் அப்பிள்ளை எம்மிடம் வந்து கதைக்குமா இல்லையா என்பதும் தங்கியிருக்கிறது.

எமது பெற்றோர் இன்று இரு தலைமுறையினர். 1980களிலும் 90களிலும் இங்கு வந்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் உழைத்தவர்களுக்கு விளையாட்டு என்றால் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும்தான். ஒரு வளவும் ஒரு தடியும் இருந்தால் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. 1995 செப்டெம்பரில் முதலாவது பிளேஸ்ரேசன் ஐரோப்பாவுக்கு வந்தபோது இங்கே சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தாமே தாய் தந்தையர். முதல் வகையினருக்கு இப்பெட்டி விளங்குவதில்லை. இரண்டாம் வகையினருக்கு அதன்மேல் பழைய ஆசை இன்னும் தீரவில்லை. இருசாராருக்கும் பின்வரும் கேள்விகள் உதவக்கூடும்.

முதலாவது கேள்வி: வருவது புதிய விளையாட்டா, அல்லது பழைய விளையாட்டின் தெளிவான படமா?

பிளேஸ்ரேசன் 5 ஐரோப்பாவில் 2020 நவம்பர் 19இல் விற்பனைக்கு வந்தது. அதன் 'புரோ' மாதிரி 2024 நவம்பர் 7இல் வெளியாயிற்று. படங்களை வரையும் கணிப்பகுதியில் 67 வீதம் கூடுதலான அலகுகள், 28 வீதம் வேகமான நினைவகம், 45 வீதம் வரை விரைவான படவாக்கம் எனச் சொனி நிறுவனம் அறிவித்தது. இவை பொய்யான எண்கள் அல்ல. இதுவரை பல விளையாட்டுக்களில் தெளிவான படம் வேண்டுமா, வேகமான அசைவு வேண்டுமா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. விளையாடுபவர்களில் ஏறக்குறைய முக்காற்பங்கினர் வேகத்தையே தெரிவுசெய்கின்றனர் என்று அந்நிறுவனத்தின் பொறியியலாளர் மார்க் சேர்ணி 2024 செப்டெம்பரில் விளக்கினார். இரண்டையும் ஓரளவு ஒன்றாகத் தருவதே புதிய மாதிரியின் நோக்கம்.

ஆனால் 'புரோ' மாதிரிக்கென்று தனியான விளையாட்டுக்கள் இல்லை. அதில் ஓடும் பிளேஸ்ரேசன் 5 விளையாட்டுக்கள் பழைய பெட்டியிலும் ஓடும். போர்ட்நைற் விளையாடும் பிள்ளையின் நண்பன் எந்தப் பெட்டியை வைத்திருந்தாலும் இருவரும் சேர்ந்தே விளையாடலாம். ஆகவே, "இது இல்லாவிட்டால் நண்பர்களோடு விளையாட முடியாது" என்று பிள்ளை சொன்னால் அது சரியான தகவல் அன்று. அதைக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாவது கேள்வி: வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி எத்தகையது?

கூடுதல் வலுவின் பெரும்பகுதி '4கே' எனப்படும் நுண்தெளிவுத் திரையில்தான் கண்ணுக்குத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் மலிவு விற்பனையில் வாங்கிய திரையில் அது பெரிதாகத் தெரியாது. பெட்டியை வாங்கிய பின் "ரீவீயும் மாற்றவேண்டும்" என்ற இரண்டாவது மனு வரும். இரண்டு செலவையும் முதல் நாளே ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு.

மூன்றாவது கேள்வி: தட்டுக்கள் என்னவாகும்?

எமது சமூகத்திற்கு இதுவே மிக முக்கியமான கேள்வி என நாம் கருதுகிறோம். 'புரோ' மாதிரி, தட்டு வாசிக்கும் பகுதி இல்லாமலே விற்கப்படுகிறது. வேண்டுவோர் அதைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிப் பொருத்தவேண்டும். எமது வீடுகளிலோ ஒரு தட்டு ஒரு வீட்டில் நிற்பதில்லை. பெரியம்மா வீட்டு அண்ணா விளையாடி முடித்ததை ஸ்தோவ்னரில் உள்ள மச்சான் வாங்குவான்; அவனிடமிருந்து பூரூசெத்துக்குப் போகும். டைக்மன் நூலகத்திலும் விளையாட்டுத் தட்டுக்களை இலவசமாக இரவல் பெறலாம். தட்டு வாசிக்காத பெட்டிக்கு மாறினால் இந்த இரவல் வழக்கம் முழுவதும் அற்றுப்போகும். இணையவழி வாங்கும் விளையாட்டு வாங்கியவரின் கணக்கோடு கட்டுண்டது. அதை ஒரு தட்டைப்போல் கையிற் கொடுத்து இரவல் விடமுடியாது, விற்கவும் முடியாது. பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பவர் இந்தத் தொடர்செலவைக் காண்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். 2025 யூன் 5இல் வெளியான நின்ரென்டோ சுவிச் 2 இத்தகையதன்று. 2017இல் வந்த முதலாவது சுவிச்சுக்குப் பின்வந்த புதிய தலைமுறை அது. மரியோ கார்ட் வேர்ள்ட், டொங்கி கொங் பனான்சா போன்றவை பழைய சுவிச்சில் ஓடமாட்டா. பழைய விளையாட்டு அட்டைகளிற் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும். எனவே சுவிச் 2 கேட்கும் பிள்ளையின் வாதம் 'புரோ' கேட்கும் பிள்ளையின் வாதத்தைவிட வலுவானது. ஆனால் புதிய பெட்டிக்கு விற்கப்படும் சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. அவை இணையத்திலிருந்து விளையாட்டை இறக்குவதற்கான திறப்பு மட்டுமே. பெட்டியின் அட்டையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்கவேண்டும்.

நான்காவது கேள்வி: பொறுத்திருந்தால் விலை இறங்குமா?

முன்னர் இதற்கு விடை எளிது. வருடங்கள் செல்லச்செல்ல விளையாட்டுப் பெட்டிகளின் விலை இறங்கியே வந்தது. அந்த வழக்கம் இப்போது மாறிவிட்டது. பிளேஸ்ரேசன் 5இன் விலை ஐரோப்பாவில் 2022 ஓகஸ்டில் ஏற்றப்பட்டது. 2025 ஏப்பிரலில் அதன் தட்டில்லா மாதிரியின் விலை மீண்டும் ஏற்றப்பட்டு 499.99 யூரோ ஆயிற்று. 'புரோ' மாதிரி 799.99 யூரோவுக்கு அறிமுகமாயிற்று. ஆகவே "அடுத்த வருடம் மலிவாக வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது ஆபத்தானது. கொடுத்த வாக்கை மீறும் பெற்றோரைவிட, காரணம் சொல்லி மறுக்கும் பெற்றோரைப் பிள்ளை மதிக்கும்.

அதேவேளை, இருக்கும் பெட்டி இரைகிறது, சூடாகி நின்றுபோகிறது என்பதுதான் காரணமென்றால் புதியதை நோக்கி ஓடத் தேவையில்லை. இந்நாட்டு நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, நெடுங்காலம் பாவிப்பதற்கென்று செய்யப்பட்ட பொருட்களில் ஆரம்பத்திலிருந்தே குறைபாடு இருந்திருப்பின் ஐந்து வருடங்கள் வரை விற்ற கடையிடம் முறையிடும் உரிமை உண்டு. கைத்தொலைபேசிகளுக்கும் இந்த ஐந்து வருடம் பொருந்தும் என்று நோர்வே உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் அத்தோடு திரும்பி வரவேண்டியதில்லை. சட்டம் தரும் உரிமை வேறு, உத்தரவாதம் வேறு. குறைபாட்டைக் கண்டதும் காலந்தாழ்த்தாமல் அறிவிக்கவேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். மொழி தடுமாறுகிறதென்பதற்காக உரிமையைக் கைவிடுவது எமது முதல் தலைமுறையின் நெடுங்கால வழக்கம். பெட்டி கேட்கும் அதே பிள்ளையை அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தன் பொருளுக்காக நியாயம் கேட்டுப் பேசவும் அது பழகட்டும்.

கடனுக்கு வாங்குவது பற்றி ஒரு வசனம் போதும்: இன்று எடுத்துப் பின்னர் பகுதி பகுதியாகச் செலுத்தும் வசதியில் வட்டியும் கட்டணமும் ஏறி, தவணை தவறி, 'இன்காசோ' கடிதத்தில் முடிந்தால், அந்தப் பெட்டியின் விலை என்னவென்று யாராலும் சொல்லமுடியாது.

இனி, கணக்குக்கு அப்பாற்பட்ட விடயத்திற்கு வருவோம்.

எமது வீடுகளில் பிள்ளைகளுக்கு வாங்கப்படும் விலையுயர்ந்த பொருட்கள் பலவற்றில் ஒரு குற்றவுணர்வு கலந்திருக்கிறது. இரவு வேலை, வார இறுதி வேலை, இரண்டாவது வேலை என்று ஓடும் பெற்றோர், வீட்டில் இல்லாத மணித்தியாலங்களுக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொடுக்கின்றனர். பிள்ளை அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் இருவருக்குமிடையே குறைந்திருப்பது படத்தின் தெளிவு அன்று. வலுக்கூடிய மாதிரி வந்த பின்னும் அந்தக் குறை அப்படியே இருக்கும். வேலையைக் குறைக்க முடியாத நிலை பலருக்கு உண்டென்பதை நாம் அறிவோம். அவர்களைக் குற்றஞ் சாட்டுவது எமது நோக்கமன்று. பெட்டிக்குக் கொடுக்கவிருக்கும் பணம் எத்தனை மணித்தியால வேலைக்குச் சமம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள் என்றே கேட்கிறோம். அத்தனை மணித்தியாலம் வீட்டிலிருப்பதையே பிள்ளை விரும்பக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

மறுபுறத்தில், மறுப்பதற்கு நாம் பாவிக்கும் ஓர் ஆயுதத்தைக் கீழே வைக்கவேண்டும். "இந்தக் காசுக்கு ஊரில் ஒரு குடும்பம் எத்தனை மாதம் சாப்பிடும் தெரியுமா?" என்ற வாசகம் பல வீடுகளில் ஒலிக்கிறது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் தாயகத்தின் துயரத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு விளையாட்டுச் சாமானுக்கு எதிராக நிறுத்தினால், அத்துயரம் பிள்ளைக்குத் தன் மகிழ்ச்சியைப் பறிக்கும் ஒன்றாகவே தோன்றும். ஊர் என்ற சொல்லைக் கேட்டதும் அறைக் கதவைச் சாத்தும் பிள்ளைகளை நாமே உருவாக்கிவிடுவோம். ஊருக்கு அனுப்புவதைப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள். யாருக்கு, எதற்கு என்று சொல்லுங்கள். ஆனால் அதைத் தண்டனையாக்க வேண்டாம்.

விளையாட்டையே இழிவாகப் பேசுவதும் நன்றன்று. ஒஸ்லோவில் வாழ்ந்து 2014இல் தமது 25ஆவது வயதில் தசை நலிவு நோயால் மறைந்த மற்ஸ் ஸ்தேன் என்ற இளைஞரின் கதையைப் பலரும் அறிவர். மகன் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்றே பெற்றோர் வருந்தினர். அவர் மறைந்த செய்தியை அறிவித்த பின்னரே, 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராவ்ற்' என்ற விளையாட்டினூடாக இபெலின் என்ற பெயரில் அவர் பல நாடுகளில் எத்தனை நண்பர்களைப் பெற்றிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. பென்யமின் ரே இயக்கிய ஆவணப்படம் 2024இல் இதை உலகறியச் செய்தது. அது 2004இல் வெளியான விளையாட்டு. அந்த நட்புக்களைத் தந்தது இயந்திரத்தின் வலு அன்று. அன்பான பெற்றோருக்கே தெரியாதிருந்த ஓர் உலகம் அந்த அறைக்குள் இருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அவ்வுலகத்தினுள் தமிழும் நுழைந்திருக்கிறது. 2023 யூலையில் வெளியான 'வெண்பா' என்ற விளையாட்டு, தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயையும் தந்தையையும் மகனையும் பற்றியது. சிதைந்துபோன ஒரு சமையற் குறிப்புப் புத்தகத்தை வைத்து இட்டலி முதலான உணவுகளைச் சமைத்துக்கொண்டே, தாய்மொழியிலிருந்து விலகிச்செல்லும் பிள்ளையின் கதை சொல்லப்படுகிறது. ரொறன்ரோவிலுள்ள ஒரு சிறு குழு ஆக்கிய இவ்விளையாட்டு 2024இல் பிரித்தானிய பாவ்ரா விருதையும் பெற்றது. இதற்குப் 'புரோ' தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் பழைய சுவிச்சிலும் ஓடும். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். தாயும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து விளையாடினால், எந்தப் பானையில் எதை முதலில் இடுவது என்பதில் தாயின் சொல்லுக்கே மதிப்பு.

ஆகவே எமது ஆலோசனை இதுதான். பிள்ளை மனுக் கொடுத்தால் உடனே தீர்ப்புக் கூறாதீர்கள். இக்கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: புதிதாக எதை விளையாட முடியும், தொலைக்காட்சி பொருந்துமா, தட்டுக்கள் என்னவாகும், வருடச் சந்தா எவ்வளவு, பழைய பெட்டியை 'பின்' தளத்தில் விற்றால் என்ன கிடைக்கும், மீதியில் தன் பங்கு என்ன? பதினைந்து வயதைக் கடந்த பிள்ளை தானே உழைத்த பணத்தைத் தானே செலவிடச் சட்டமும் இடமளிக்கிறது. கோடை வேலையிற் சேர்த்த பணத்தைப் போட்டு வாங்க விரும்பினால் அதைத் தடுப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

எழுதி முடித்த தாளைப் பார்த்துப் பிள்ளையே மனுவை மீளப் பெறக்கூடும். அல்லது பெற்றோருக்கு அக்காரணங்கள் நியாயமாகப் படக்கூடும். எந்தத் தீர்ப்பாயினும் அது விசாரணைக்குப் பின் வந்ததாக இருக்கட்டும். விடுமுறைக் காலமும் அதனுடன் விளம்பரங்களும் வருவதற்கு முன்னரே அந்த விசாரணையை உங்கள் வீட்டு மேசையில் தொடக்கிவையுங்கள்.