பட்டிப் பாதை குற்றம், பயணிப் பாதை பெருமையா?

இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம், பிறர் நிலத்தின் ஊடாக ஒருவனுக்குள்ள வழியுரிமையை மூன்றாக வகுத்துள்ளது. காலால் நடந்து செல்லும் உரிமை ஒன்று; அதற்கு இட்டெர் என்று பெயர். கால்நடைகளை ஓட்டிச் செல்லும் உரிமை இரண்டாவது, அது அக்டஸ். வண்டி செலுத்தும் உரிமை மூன்றாவது, அது வியா. மாடு ஓட்டுகிறவனுக்கும் பாதை வேண்டும் என்பதை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரிச் சட்ட அறிஞர் உணர்ந்து, அதற்கெனத் தனியொரு பெயரும் இட்டு வைத்தனர். நம்மை ஆளுகின்ற திணைக்களங்களோ இன்றுவரை அதனை உணர மறுக்கின்றன. உல்லாசப் பயணி மலையேறப் பாதை வெட்டுவோம் என்கின்றன. பட்டிக்காரன் மாடு ஓட்டிய பாதையைக் கண்டால், அப்படி ஒரு பாதையே இல்லை என்கின்றன. இந்த ஓரவஞ்சனையைத்தான் மட்டக்களப்பு மக்கள் முன் வைக்கிறோம்.

வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீட்டர். அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. படுவான்கரைக்கும் அப்பால் முந்தனை ஆறும் மாதுறு ஓயாவும் பாய்ந்து வரும் பள்ளத்தாக்குகள். காடும் வெட்டையும் வில்லுமாகப் பரந்த பூமி. மாரி தொடங்கிப் பெரும்போகம் விதைக்கப்பட்டால் வயல் வட்டைகளில் மாடு நிற்க முடியாது. விதைப்புக்கு முன் கூடும் ஆரம்பக் கூட்டத்திலே, இன்ன தேதிக்குள் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அரசாங்க அதிகாரிகளே தீர்மானம் செய்கிறார்கள். அத்தீர்மானத்துக்குப் பணிந்து பட்டிக்காரர் மாடுகளை மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். அறுவடை முடிந்ததும் திரும்புகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒழுங்கு இது.

வயலை விட்டு மாட்டை வெளியேற்று என்று ஆணையிடுவதும் அரசு. வெளியேறும் மாட்டுக்கு வழியில்லை என்று மறிப்பதும் அரசு. ஒரு கை தள்ளுகிறது. மறு கை தடுக்கிறது. இடையில் நசுங்குகிறவன் பட்டிக்காரன்.

இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு இன்று எத்தனை எசமானர்கள்! 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் பிறந்த மகாவலி அதிகாரசபை ஒரு பகுதியைத் தனது ஆளுகைக்குள் கொண்டது. வன பரிபாலனத் திணைக்களம் ஒரு பகுதியை ஒதுக்குக் காடு என்கிறது. வனசீவராசிகள் திணைக்களம் மற்றொரு பகுதியைத் தேசிய பூங்கா என்கிறது. மகாவலித் திட்டத்துக்காகக் காடுகள் அழிக்கப்பட்டபோது, விலங்குகளுக்குப் புகலிடம் தர 1983 இல் மாதுறு ஓயாத் தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்தடுத்து வஸ்கமுவவும், வெள்ளச் சமவெளியும், சோமாவதியும் பூங்காக்களாயின. யானைக்கு இடம் ஒதுக்கினார்கள், நன்று. குடியேறியவனுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆனால் அதே நிலத்தில் ஆண்டுக்கு இருமுறை நடந்து போய்த் திரும்பியவனை எந்தப் படத்தில் குறித்தார்கள்? எந்த வர்த்தமானியில் அவன் பாதைக்கு ஒரு வரி எழுதினார்கள்?

பாதை போடத் தெரியாத அரசாங்கமா இது? குடும்பிமலைக்குப் போய்ப் பாருங்கள். தமிழன் கண்ணுக்கு முடிந்த குடுமியாகத் தெரிந்த அந்த மலை, வெள்ளைக்காரன் கண்ணுக்குப் பிரபுவின் தொப்பியாகத் தெரிந்தது. இன்று அரசின் நாவில் அது தொப்பிகலை. 2007 ஜூலையில் இராணுவம் கைப்பற்றிய அம்மலைப் புறத்திலே பின்னர் மரபுரிமைப் பூங்கா என ஒன்று அமைந்தது; பார்க்க வருவோருக்குத் தகவல் கூறவும், மலை ஏறுவோருக்கு வழி காட்டவும் ஏற்பாடுகள் நடந்தன. மலையேறுவதை நாம் வெறுக்கவில்லை. நம் பிள்ளைகள் அந்த உச்சியில் நின்று தங்கள் மண்ணைக் காணட்டும். காட்டின் அருமையை அறியட்டும். ஆனால் ஒருநாள் வந்து போகிறவன் நடப்பது மரபுரிமை என்றால், பரம்பரை பரம்பரையாக நடந்தவன் நடப்பது அத்துமீறலா? இதற்கு விடை சொல்லாமல் எந்த மரபுரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பட்டிக்காரனிடம் அதிகாரி கேட்கும் முதற் கேள்வி, உன்னிடம் பத்திரம் உண்டா என்பது. இக்கேள்வியின் வேர் 1840 இல் இருக்கிறது. அவ்வாண்டில் வெள்ளையர் இயற்றிய முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று அனுமானித்தது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில் ஏறியது. தனியார் நிலத்தில் பத்தாண்டு நடந்து உரிமை கோரலாமே என்பீர்கள். ஆம், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அச்சட்டமே முடியின் உரிமையை அது தீண்டாது என்றும் விதிவிலக்கு வைத்தது. ஆகவே அயலவன் தோட்டத்தில் பத்தாண்டு நடந்தவனுக்கு அச்சட்டத்தில் வழியுண்டு; அரசின் காட்டில் நூறாண்டு நடந்தவனுக்கு அதில் வழியில்லை. முடி போய்விட்டது, முடியின் அனுமானம் மட்டும் போகவில்லை.

1949 ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். அவ்வாண்டில் கொழும்பிலே கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டம் நிறைவேறியது. பட்டிப்பளை ஆறு அணை கட்டப்பெற்றுக் கல்லோயா என்றே உலகறியலாயிற்று. அதே 1949 இல் இலண்டன் பாராளுமன்றம் தேசிய பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பிரவேசத்துக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே பூங்காவையும் மக்கள் நடக்கும் உரிமையையும் ஒரே சட்டத்தில் இணைத்து வைத்தார்கள். ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் உள்ள ஒற்றையடிப் பாதைகளை அளந்து படத்திலே குறிக்க வேண்டும் என்றும், அப்படமே பாதைக்குச் சான்று என்றும் விதித்தார்கள். அது கருணையால் கிடைத்த சட்டமன்று. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில், பிரபுக்களின் வேட்டைக்கென அடைத்த வெளியில், மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் நடந்தார்கள்; ஐவர் சிறை சென்றார்கள். அந்த நடையின் பயன்தான் பின்னர் சட்டமாயிற்று. அண்டை நாடாம் இந்தியாவும் 2006 இல் வன உரிமைச் சட்டம் இயற்றி, மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம்பெயரும் ஆயர்களின் உரிமையையும் ஏட்டில் ஏற்றது. அங்கெல்லாம் முடிவது இங்கே ஏன் முடியாது?

காட்டைக் காக்க வேண்டுமென்றால் மனிதனை வெளியேற்றத்தான் வேண்டும் என்று சிலர் வாதிப்பர். அவர்களுடைய அச்சத்தை நாம் இகழவில்லை. யானைக்குப் புல்லும் நீரும் வேண்டும். அளவுமீறி மாடு மேய்ந்தால் தரை கெடும் என்பதும் மெய்யே. ஆனால் மேய்ச்சலுக்கு அளவு வகுப்பது வேறு. மேய்ப்பனையே இல்லையென்பது வேறு. மாதுறு ஓயாவில் நடந்தது என்ன? காட்டோடு காடாய் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பூங்காவுக்காக வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வேட்டை குற்றமாயிற்று. ஊருவரிகே திசாஹாமி என்ற முதிய தலைவரோ வெளியேற மறுத்து, 1998 இல் தாம் மறையும்வரை தம் மண்ணிலேயே வாழ்ந்தார். வேடனும் சிங்களவனல்லன், தமிழனல்லன். ஆயினும் அவனுக்கும் இதே கதி. இது ஒரு மொழிக்காரனின் முறையீடு மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காட்டைக் காப்பதே நோக்கமென்றால், மயிலத்தமடுவிலும் மாதவணையிலும் வெளி மாவட்டத்தார் வந்து மேய்ச்சல் தரையை உழுது பயிரிட்டபோது அந்த நோக்கம் எங்கே உறங்கிற்று? மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன என்று பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டம்பரில் சித்தாண்டியிலே வீதியோரம் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். அது நூற்றுக்கணக்கான நாள்கள் நீடித்தது. ஓட்டிச் செல்லும் மாட்டால் காடு அழியும் என்போர், உழுது செல்லும் உழவு யந்திரத்தால் காடு வளரும் என்பரோ?

நம்மவருக்கும் ஒரு சொல். உல்லாசப் பயணத்துறை வளர்ந்தால் மட்டக்களப்பு செழிக்கும் என மேடையேறி முழங்கும் தமிழ்த் தலைவர்கள், அந்தச் செழிப்பில் பட்டிக்காரனுக்கு என்ன பங்கு என்று கேட்டதுண்டா? தேர்தல் வந்தால் சித்தாண்டிப் பந்தலில் படம் எடுப்பதும், தேர்தல் போனால் பந்தலையே மறப்பதும் தலைமையாகாது. மாடுகளை எண்ணிப் பதிவதிலும் காதடையாளம் இடுவதிலும் பண்ணையாளரும் அசட்டை காட்டலாகாது. ஆவணமில்லாதவனைத்தான் அதிகாரம் முதலில் விழுங்குகிறது.

நாம் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, வாவிக்கரை வட்டைகளிலிருந்து மேய்ச்சல் தரைவரை செல்லும் பட்டிப் பாதைகளைப் பண்ணையாளர் முன்னிலையில் நில அளவைத் திணைக்களம் அளந்து, படத்தில் குறித்து, வர்த்தமானியில் வெளியிட வேண்டும். இரண்டு, மேய்ச்சல் தரையின் எல்லை சட்டப்படி வரையப்பட்டு, அதனுள் நடக்கும் பயிர்ச்செய்கை எவருடையதாயினும் நிறுத்தப்பட வேண்டும். மூன்று, இப்பள்ளத்தாக்குகளில் மலையேறுவோருக்கோ வனம் காண்போருக்கோ புதிய பாதை திறப்பதானால், முந்திய பாதைகள் பதிவான பின்னரே திறக்க வேண்டும். வழிகாட்டும் தொழிலும் வரும் வருமானமும் அவ்வூர் இளைஞருக்கே முதலில் உரியதாக வேண்டும்.

இவற்றுள் எது பிரிவினை? எது காட்டுக்குப் பகை? ஒன்றுமில்லை. ஒரு நிலப்படமும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் போதும். அவற்றைத் தர மறுக்கும் அரசு, காட்டைக் காக்கவில்லை. காட்டைக் காட்டி மக்களைக் கலைக்கிறது.

பெரும்போகம் தோறும் ஆரம்பக் கூட்டம் கூடும். மாட்டை அகற்றும் தேதி குறிக்கப்படும். அந்தக் கூட்டத்திலே ஒவ்வொரு வட்டையிலிருந்தும் ஒருவர் எழுந்து, “தேதி குறித்தீர்கள், பாதை எங்கே?” என்று கேட்கட்டும். விடை எழுத்தில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஒருவன் கேட்டால் அது முறையீடு. ஊரே கேட்டால் அது உரிமை.