“பக்கத்துலதானே டீச்சர்!”



ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு பற்றிய போட்டிகள் நடக்கின்றன. வண்ணம் தீட்டுதல், சுலோகம் எழுதுதல், கட்டுரை, புதிர்ப்போட்டி. வெற்றி பெற்றோருக்குப் பரிசுக் கூடை, சபையில் ஒரு கைதட்டல், பள்ளி இதழில் ஒரு படம். இப்போட்டிகளுக்கு நடுவராக நானும் பலமுறை அமர்ந்திருக்கிறேன். அவற்றால் நம் பிள்ளைகளின் ஒரு கீறலைக்கூடத் தடுத்ததாகச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து. ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு இது கசக்கும். ஆயினும் எழுத வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குச் சொல்லித்தந்த பாதை எளிமையானது. முதலில் அறிவு, அதிலிருந்து மனப்பான்மை, அதிலிருந்து நடத்தை. வாய்பாட்டுக்கும் இலக்கணத்துக்கும் இப்பாதை ஓரளவு பொருந்தும். சாலைக்குப் பொருந்துகிறதா? சாலையில் நடப்போர்க்கு அளிக்கப்படும் பாதுகாப்புக் கல்வி குறித்து உலகெங்கும் நடந்த சோதனை ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2002இல் வெளிவந்தது. கற்பித்தால் குழந்தையின் அறிவு கூடுகிறது, சாலையைக் கடக்கும் முறையும் ஓரளவு மாறுகிறது என்று அது கண்டது. ஆனால் காயமும் சாவும் குறைந்தனவா என்பதை அந்த ஆய்வுகளில் ஒன்றுகூட அளந்திருக்கவில்லை. நாம் அளப்பதும் அவ்வாறே. கட்டுரைக்கு மதிப்பெண் இடுகிறோம். அக்கட்டுரையை எழுதிய மாணவன் மதியம் எப்படி வீடு திரும்புகிறான் என்று பார்ப்பதில்லை.

எங்கள் வட்டாரத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக்கை நோக்கிச் செல்லும் கூட்டரசுச் சாலை 5 எங்களுக்கு முதுகெலும்பு. அதன் கடலோரப் பக்கத்தில்தான் பாகான் நக்கோடா ஓமார் இருக்கிறது. ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் தென்னையும் செம்பனையும், இடையிடையே வாய்க்கால்கள். அறுவடைக் காலத்தில் நெல் லோரிகள், ஆண்டு முழுவதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், வார இறுதியில் செகிஞ்சானுக்கு மீன் சாப்பிட வரும் தலைநகரத்துக் கார்கள். இவற்றுக்கிடையே தந்தை ஓட்ட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிள்ளைகள் அமர்ந்து வரும் கப்சாய் மோட்டார்.

முன்பு இவ்வாறு இல்லை. லயத்து வீடும் பள்ளியும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தன. பிள்ளைகள் செம்மண் பாதையில் நடந்து வந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போன பிறகு, பள்ளி மட்டும் பல இடங்களில் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. தமிழ்ப்பள்ளியை விட்டுவிடக் கூடாது என்னும் உறுதியால் அத்தொலைவைப் பெற்றோர் மோட்டாரில் கடக்கின்றனர். தமிழுக்காக அவர்கள் எடுக்கும் அந்த முயற்சி நம் பள்ளியை வாழவைக்கிறது. அதே முயற்சிதான் பிள்ளையை நெடுஞ்சாலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதைப் பேசுவதே இல்லை.

ஒரு வாரம் காலையில் பள்ளி வாயிலில் நின்று கவனித்தேன். தந்தை தலையில் கவசம்; பிள்ளை தலையில் இல்லை. பெரும்பாலும் இதே காட்சிதான். கேட்டால் சிரித்தபடி வரும் விடையும் ஒன்றுதான்: “பக்கத்துலதானே டீச்சர்!”

பக்கம் என்பது லோரிக்குத் தெரியாது. 2023இல் நம் நாட்டுச் சாலைகளில் 6,443 பேர் இறந்தனர். இந்நாட்டில் சாலையில் மாள்வோரில் மூவருக்கு ஏறத்தாழ இருவர் மோட்டாரில் செல்வோர். அவர்கள் அனைவரும் தொலைப் பயணம் போனவர்கள் அல்லர்; கடைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்களும் அவர்களுள் உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தைச் சொக்சோ சட்டம் வேலை விபத்தாகவே ஏற்கிறது. அன்றாடம் போய்வரும் அந்தச் சிறு தூரத்தை அச்சட்டம் சிறிதாக எண்ணவில்லை.

சரி, எதுதான் காயத்தைக் குறைக்கிறது? இதற்கு ஆய்வுலகம் தரும் விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1935 மே மாதம் இங்கிலாந்தில் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்துகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள்மேல் மோதாமல் விலகப் போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அச்சாவு அவரை உறுத்தியது. அவர் மேடையேறி ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்று சொல்லவில்லை, கணக்கெடுத்தார். இராணுவத்தில் மோட்டார் ஓட்டியோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் மருத்துவ இதழில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம், பணியிலிருக்கும் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973இல்தான். அதே 1973இல் மலேசியாவிலும் வந்துவிட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கவசத்தின் பயன் இன்று ஐயத்துக்கு இடமில்லாதது. 60க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் புதுப்பிக்கப்பட்ட அறிக்கை, கவசம் சாவின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைப்பதாகக் கூறுகிறது. நம் பாடநூலின் எந்தச் சுலோகத்துக்கும் இத்தகைய கணக்கு இல்லை.

நம் நாட்டு ஆய்வுகளே உலகுக்கு எடுத்துக்காட்டாக இருக்கின்றன. மோட்டார் விபத்துகளில் பெரும் பகுதி, எதிரே வரும் மோட்டாரைக் கண்ணால் காணாமலேயே கார் திரும்பும்போது நிகழ்வது. “பார்க்கவே இல்லை” என்று லோரிக்காரர் சொல்வது பல நேரங்களில் பொய்யன்று. எனவே 1992இல் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதி வந்தது. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராடின் உமாரும் உடன் ஆய்வாளர்களும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் அதன் பயனை அளந்தனர். இவ்வகை விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருந்தன. யாருடைய குணமும் மாறவில்லை; ஒரு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கெனத் தனித்தடம் அமைத்த பகுதியில் மோட்டார் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாகவும் அவர்களின் ஆய்வு சொல்கிறது. நம் கூட்டரசுச் சாலை 5இல் அத்தகைய தடத்தைக் கேட்டு எத்தனை பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனு எழுதியிருக்கின்றன என்று கேட்க எனக்கு ஆசை.

2025 ஜூன் 9ஆம் நாள் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் இறந்தனர். ஆசிரியப் பணிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளைகள். அன்று எங்கள் ஆசிரியர் அறையில் ஓட்டுநரைத் திட்டியதோடு பேச்சு முடிந்தது. அரசு அதோடு நிறுத்தவில்லை. பேருந்துகளிலும் லோரிகளிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை அவ்வாண்டு அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் நல்லவரா கெட்டவரா என்று அக்கருவி பார்க்காது.

இக்கருத்து தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. மருந்து தெளிக்கும் வேலையில் நம் பெண்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். களைக்கொல்லியைக் கையாளும்போது கையுறை போடு, முகமூடி அணி, கவனமாக இரு என்றே பல்லாண்டு சொல்லி வந்தார்கள். அந்த வெயிலில், அந்தப் புழுக்கத்தில் முகமூடியோடு எத்தனை மணி நேரம் நிற்க முடியும்? 2002இல் தெனாகனித்தா அமைப்பு பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தெளிப்பு வேலை செய்த பெண்களின் நோய்களைப் பதிவு செய்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட் நஞ்சைத் தடுத்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. இறுதியில் 2020 சனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. பெண்களின் கவனம் கூடியதால் அந்த நஞ்சு போகவில்லை. நஞ்சையே அகற்றியதால் போனது. வேலையிடப் பாதுகாப்புக்காரர்கள் இதைத்தான் முதற்படி என்பார்கள்: ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் தடுப்பு வை, அறிவுரையும் அணிகலனும் அதற்குப் பிறகு.

குலை வெட்டப் போகும் தந்தைக்குத் தோட்ட நிர்வாகம் தலைக்கவசம் தருகிறது. நீண்ட கம்பின் நுனியிலிருந்து மட்டையும் குலையும் தலைமேல் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். கவசமின்றி இறங்கினால் மண்டோர் திருப்பி அனுப்பிவிடுவார். 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தபின், ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமையாகிவிட்டது. ஒரு மணி நேரம் முன்பு அதே தந்தை தம் பிள்ளையை வெறுந்தலையோடு இறக்கிவிட்டபோது நாம் என்ன மதிப்பிட்டோம்? பள்ளியும் ஒரு பணியிடம்தானே? நம் வாயில் நம் பொறுப்பு அன்றோ?

பெற்றோரை நான் குறைகூறவில்லை. பிள்ளைக்கு ஏற்ற அளவில் சிரிம் முத்திரை பெற்ற கவசம் வாங்குவது குலைவெட்டுக் கூலியில் சிறு செலவன்று. இரண்டு மூன்று பிள்ளைகள் என்றால் இன்னும் கடினம். ஆகவே அண்ணனின் பழைய கவசத்தைத் தம்பி தலையில் கவிழ்க்கிறார்கள். அது குடம்போல் ஆடுகிறது. இதுவும் பயன்படாது. இதே புத்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழந்தையன் கவசம் அணியும் முறை பற்றிச் சிலாங்கூரில் ஆய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரையில், முறையாக அணிந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான் என்று கண்டார். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் கவசம் இருந்தும் பட்டையை மாட்டாதவர்கள். மாட்டாத கவசம் தலைக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும்.

கவசத்தின் பாரம் பிள்ளையின் கழுத்தைக் கெடுக்கும் என்ற பேச்சையும் கேட்கிறேன். 2007 டிசம்பரில் வியட்நாம் அனைவர்க்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியபோது அங்கும் பெற்றோர் இதையே சொன்னார்கள். பெரியவர்கள் அணிந்தார்கள், பிள்ளைகள் வெறுந்தலையோடு போனார்கள். பின்னர்ப் பிள்ளைகளுக்கும் தண்டம் விதிக்க வேண்டியதாயிற்று. நான் மேலே சொன்ன பெருந்தொகுப்பு ஆய்வு, கவசத்தால் கழுத்துக் காயம் கூடுவதாகக் காட்டவில்லை. புத்தகப்பை ஏற்றும் பாரத்தைப் பற்றிக் கவலைப்படாத நாம் கவசத்தின் பாரத்துக்கு அஞ்சுவது வேடிக்கைதான்.

பெற்றோர்களிடம் பேசிப் பார்த்ததில் உண்மையான தடை வேறு ஒன்று என்று தெரிந்தது. காலையில் தந்தை கொண்டுவந்து விடுகிறார். பிள்ளையின் கவசத்தைக் கழற்றி எங்கே வைப்பது? வகுப்பில் இடமில்லை, மேசைக்கடியில் வைத்தால் உருண்டோடுகிறது, காணாமற் போகிறது. அதனால் தந்தையே திருப்பி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். மதியம் அழைத்துப்போக வருவது அம்மாவோ பக்கத்து வீட்டு மாமாவோ. அவர்களிடம் அந்தக் கவசம் இல்லை. பிள்ளைக்குக் கவசம் வாங்கித் தந்த வீட்டில்கூட மதியம் அவன் வெறுந்தலைதான். இதற்கு எந்தச் சொற்பொழிவும் பயன்படாது. ஒரு மரத்தட்டு போதும்.

ஆகவே வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கப் போகிறேன். இவ்வாண்டுச் சாலைப் பாதுகாப்புப் போட்டிகளின் பரிசுக் கூடைப் பணத்தைச் சேர்த்து, மோட்டாரில் வரும் முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துக் கவசம் வாங்க வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிடும் இடத்தை வாயிலுக்கு முன்னிருந்து திடலின் பக்கம் மாற்றி, கார்களும் மோட்டார்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் பிரிக்க வேண்டும். மூன்றாவது, அந்தத் தட்டு.

முதலாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே, நடைகூடத்துச் சுவரில், மழைச் சாரல் படாத இடம் இருக்கிறது. அளந்துவிட்டேன், பதினான்கு அடி நீளம், மூன்று வரிசை போடலாம். கொக்கி வேண்டாம், பட்டை அறுந்துவிடும். பெயர் ஒட்டிய கட்டங்களாக இருந்தால் நல்லது. பலகை தருவதாக ஒரு பெற்றோர் சொல்லியிருக்கிறார். தச்சு வேலை தெரிந்தவர்கள் எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்று எனக்குத் தெரிவியுங்கள்.