பூட்டிய அறைக்குப் பொறுப்பாளர் யார்?

"எமிலி ஒரு பித்துக்கொள்ளி" என்கின்றனர், வில்லியம் பாக்னர் 1930-இல் வெளியிட்ட 'எமிலிக்கு ஒரு ரோஜா' கதையைப் படித்தோர். இறந்த தந்தையை மூன்று நாள் இறக்கவில்லையென்று சாதித்தாள். காதலனுக்கு நஞ்சிட்டு, அவன் பிணத்தைப் பள்ளியறையிலேயே வைத்திருந்தாள். உண்மைதான்! ஆனால், நாடிவந்த காளையரை விரட்டி அவளைத் தனிமையிலே தள்ளியது எது? தந்தையின் குலச்செருக்கன்றோ! நஞ்சு வாங்கினாள் என்றறிந்த ஊரார், தற்கொலைக்கென்றே எண்ணி, அதுவே நலம் என்றனர். நாற்றம் எழுந்தது, சீமாட்டியிடம் அதைச் சொல்வதா என நடுங்கி, நள்ளிரவில் சுண்ணாம்பு தூவினர். என்னே நாகரிகம்! 1894-இல் அவளுக்கு வரிவிலக்களித்த கர்னல் சார்ட்டோரிஸ் யார்? கறுப்பினப் பெண்கள் வேலைக்காரிக்குரிய ஏப்ரன் அணியாமல் தெருவில் தலைகாட்டலாகாதென ஆணையிட்ட அதே பெருமகன்! மாற மறுத்தவள் எமிலி மட்டுந்தானா? அவ்வீட்டிலே உழைத்து முதுமையெய்திய கறுப்புப் பணியாள் டோப், அவள் இறந்ததும் பின்வாயில் வழியே போய்விட்டான். எமிலிக்காக உருகும் திறனாய்வாளர்களே, அவன் எங்கே போனானென்று கேட்டீர்களா?