வாயில் 'வெல', ஏட்டில் 'விலை'

குழந்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வர வேண்டும் என்று ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். அங்கே 'கேட், பேட், மேட்' என்று ஒரே வால் கொண்ட சொற்களைக் கூட்டமாகப் பழக்குகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் வீட்டில் தமிழ் என்றதும் அதே பெற்றோர் 'அ, ஆ, இ, ஈ' அட்டையை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். பிள்ளையும் தலையாட்டிக்கொண்டே 247 எழுத்தையும் ஒப்பிக்கிறது. 'வலை' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் வளரும் பிள்ளைக்கு அலையும் வலையும் தெரியாதா? தெரியும். ஆனால் அட்டை வரிசைப்படி போனால் 152 உயிர்மெய்களைத் தாண்டிய பிறகுதான் 'லை' வரும். அதற்குள் வாசிப்பின் மீதே சலிப்பு வந்துவிடும்.

வரிசையை மறந்துவிட்டு, சின்ன அட்டை ஒன்றில் 'லை' மட்டும் எழுதுங்கள். அதன் முன்னால் அ, வ, த, ம என்று ஒவ்வொன்றாக வையுங்கள். அலை, வலை, தலை, மலை. ஐந்தே எழுத்தில் நான்கு சொல் ஆயிற்று! அடுப்படிக்குப் போனால் உப்பு, பருப்பு, அடுப்பு, வாசலில் செருப்பு. வெளியே சங்கு, பங்கு, நுங்கு, பனங்கிழங்கு. இந்தக் கடைசிக் கூட்டத்தால் இன்னொரு லாபமும் உண்டு. 'கடல்' என்பதில் வல்லென்று ஒலிக்கும் க, 'சங்கு' என்பதில் மெலிந்து ஒலிக்கிறது. இதற்கு இலக்கணம் சொன்னால் ஆறு வயதுக்கு ஏறாது. சங்கையும் நுங்கையும் ஒரு பக்கம், கொக்கையும் பாக்கையும் மறுபக்கம் வைத்து வாசிக்கவிட்டால் காதே பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை 'வி... லை' என்று எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசிக்கும், ஆனால் பொருள் புரியாது. ஏனென்றால் வீட்டில் அதைக் கேட்டிருப்பது 'வெல' என்று. இலை அங்கே 'எல'. நம் பிள்ளைகளில் பலர் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். அதை மக்கு என்று நினைத்துவிடுகிறோம். 'எல' என்று வாசித்தால் அதட்ட வேண்டாம். பொருள் புரிந்ததால்தான் அப்படி வாசிக்கிறது. "பேசும்போது எல, எழுதும்போது இலை" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

பார்த்ததும் சொல்ல வேண்டிய சொற்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டாத சொற்கள் அதில் நிறைய. தமிழில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே பட்டியலில் வர வேண்டியவை பேச்சும் எழுத்தும் பிரியும் சொற்கள்: இருக்கிறது, வேண்டும், அவர்கள், வந்தார்கள், என்று. வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருபவை இவைதான்.

பார்த்ததும் சொல்லை அடையாளம் காண்பது இந்தக் கரைக்குப் பழைய பழக்கம்தான். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார், இங்கே காதில் விழுந்த பேச்சுத் தமிழுக்கே இலக்கணம் எழுதியவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலைச்சுவடி வழக்கம் அப்படி. 'வணக்கம்' என்பது அதில் 'வணககம' என்று இருக்கும். சொல்லை முன்பே அறிந்தவரால்தான் அதை வாசிக்க முடியும். நம் பிள்ளைகளுக்குப் புள்ளியாவது கிடைத்திருக்கிறது.

1990களில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோதும் 'அ, ஆ'வில் தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. நிலம் இல்லாதவருக்குப் பட்டா என்ற சொல்லின் கனம் தெரியும். பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே கூலித் தொழிலாளர்களுக்குச் 'செங்கல்' என்ற சொல்லைப் பிரித்துத்தான் எழுத்துப் பழக்கினார்.

உங்கள் வீட்டுச் சொல் எது என்று பாருங்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் 'உப்பு' முதலில் வரட்டும். மீன் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பலகையில் 'விலை' என்று எழுதியிருந்தால், "இன்னைக்கு என்ன வெல போட்டிருக்கு, வாசி பாப்போம்" என்று கேளுங்கள்.