தோட்ட வாசல் எமவாசலா?

பொழுது புலருமுன் பால்வெட்டுக்குக் கிளம்பும் தொழிலாளருக்குக் காட்டில் பாம்புப் பயம் உண்டு. பன்றிப் பயம் உண்டு. அவற்றைவிடக் கொடியது, தோட்டத்துச் செம்மண் சடக்கு பெரிய சடக்கைத் தொடும் இடம்.

பத்து பஹாட்டிலிருந்து ஆயர் ஹீத்தாம், குளுவாங், காஹாங் வழியாகச் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பாருங்கள். தோட்டத்துக்கு ஒரு வாசல், கம்பத்துக்கு ஒரு வாசல், கடைக்கும் தொழிற்சாலைக்கும் தனித்தனி வாசல்! வலப்பக்கம் திரும்ப வேண்டிய மோட்டார் சைக்கிள் நடுச்சடக்கில் காத்து நிற்கிறது. பின்னால் லோரி பாய்ந்து வருகிறது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் சோறு ஊசலாடுகிறது.

இது வெறும் அச்சமன்று. பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தார் இதே சாலையின் பத்து பஹாட்–ஆயர் ஹீத்தாம் பகுதியை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டளவில் முடிவு கூறினர்: வந்து சேரும் வழிகள் பெருகினால் விபத்தும் பெருகும். 2016இல் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 7152 பேர். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதுதானே நம் தொழிலாளரின் வாகனம்?

சடக்கை அகலமாக்கினால் போதும் என்பர் சிலர். வாசல்களை அப்படியே விட்டு அகலமாக்கினால் வேகந்தான் கூடும். 1994இல் முழுமைபெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கண்ட இடத்தில் நுழைய முடியாது. குறித்த சந்திப்புகளில்தான் நுழையலாம். அந்த ஒழுங்கில் ஒரு பங்காவது இங்கே வேண்டாமா?

அடுத்தடுத்த வாசல்களை உட்சடக்கால் இணைத்து ஒரே வாசலாக்குக. அங்கே வலம் திரும்புவோர் ஒதுங்கி நிற்கத் தனித்தடம் அமைத்து, விளக்குப் போடுக. பார்வையை மறைக்கும் லாலானையும் செடிகொடிகளையும் வெட்டுக. மண்ணும் கல்லும் பெரிய சடக்கில் சிதறாதபடி வாசலுக்குத் தார் போடுக.

அரைக் கட்டை தூரம் சுற்ற வேண்டுமே என்று முணுமுணுப்போர் இருப்பர். நியாயந்தான். சுற்றும் சிரமம் தொழிலாளருக்கென்றால், உட்சடக்கைச் செப்பனிடும் செலவு நிர்வாகத்தாருடையதாக இருக்கட்டும்.

அனுமதியின்றி எவரும் பொதுச் சாலையோடு வழியை இணைக்கலாகாது என்று 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. ஆகவே பொதுப்பணி இலாகா கண்மூடியிருக்கலாகாது.

தோழர்களே! கிராணிமார்களே! உங்கள் தோட்டத்து வாசல்களை எண்ணுங்கள்; ஆபத்தான இடங்களைக் குறியுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கூலி உயர்வுக்குக் குரல் கொடுப்போம். அந்தக் கூலியோடு உயிருடன் வீடு திரும்பவும் குரல் கொடுப்போம்!